காத்திருக்கத் தெரியாத பெட்டி

ஜோதிமணிக்குப் புதுக் குரல் வந்த அன்று அவள் கணவர் குழந்தைவேலு வீட்டில் பாயசம் வைத்தார். அவளால் குடிக்க முடியாது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் அவளுக்கு ஆகாரம். இருந்தாலும் பெங்களூரிலிருந்து மகள் பிரணிதா வந்திருந்தாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு பிரணிதா கட்டிலருகே குனிந்தாள்.

"அம்மா, இப்ப எப்படி இருக்குது?"

தலைமாட்டிலிருந்த பெட்டி உடனே பேசியது. "நல்லா இருக்குது கண்ணு. நீ மொதல்ல பாயசத்தக் குடி, ஆறிடப் போகுது."

எல்லோரும் கைதட்டினார்கள். பிரணிதா அழுதேவிட்டாள். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டிலிலிருந்து இவ்வளவு வேகமாக, இவ்வளவு இதமாக ஒரு பதில் வந்ததே இல்லை.

ஜோதிமணி கணபதிப் பகுதியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தியவள். அந்தப் பக்கத்தில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் பிடித்தார்கள். "உங்க மண்டைக்குள்ள என்னங்க இருக்குது? பிரேக்க மிதிங்க!" என்று மரியாதை குறையாமல் கத்துவாள். ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளைத்தண்டில் அடைப்பு. உயிர் தப்பியது. கண்ணும் இமையும் தவிர மற்றதெல்லாம் நின்றுபோனது.

மண்டையோட்டுக்குள் மெல்லிய வலை ஒன்றை வைத்து, அவள் பேச நினைப்பதைப் பிடித்துக் குரலாக்கும் பெட்டியைப் பொருத்தினார்கள். அந்தப் பழைய பெட்டி மகா மந்தம். கேள்வி கேட்டுவிட்டு, அடுப்பில் தோசையைத் திருப்பிப்போட்டுவிட்டு வரலாம். அப்புறம்தான் பதில் வரும். அதுவும் ஒவ்வொரு சொல்லாக. "வேண்டாம்." கொஞ்ச நேரம். "ஜன்னல." இன்னும் கொஞ்ச நேரம். "மூடாதீங்க." 'ழ' என்கிற எழுத்தே அதற்கு வராது, மழை மலையாகிவிடும். ஆனால் அதிலிருந்து வந்தது ஜோதிமணிதான். மருமகன் வாங்கிவந்த புடவையை "கோணிப்பை" என்றது ஜோதிமணிதான். மின்விசிறியைத் துடைக்க ஏறின குழந்தைவேலுவை "விலுந்தா. ரெண்டு. கட்டில். போடணும்" என்று இறங்கவைத்ததும் அவள்தான்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த சிப்பை உலகத்தில் யாரும் இனிமேல் செய்வதில்லை என்று ஆகிவிட்டது. புதிதாக வந்த சிப்புகளின் கட்டமைப்பே வேறு. பழைய மென்பொருள் அவற்றில் ஓடாது. கொஞ்ச காலம் பழையதைப் புதியதற்குப் பெயர்த்துச் சொல்லும் ஒரு நிரலை நடுவில் வைத்து ஓட்டினார்கள். பிறகு அதையும் கைவிட்டார்கள். ஜோதிமணியின் பெட்டி சூடாகி, பேச்சின் நடுவில் அணைந்து போகத் தொடங்கியது. புதுசு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு அவள், "யோசிக்கணும்" என்றாள். யோசித்து முடிப்பதற்குள் பெட்டி நிரந்தரமாக அணைந்தது.

புதுப் பெட்டி வந்தபின் வீடே மாறியது. காய்கறிக்காரப் பெண் வாசலிலிருந்தே, "அக்கா, தூங்கறீங்களா?" என்று கேட்டால், "இல்ல சாமி, உள்ள வா" என்று பதில் வரும். பிரணிதா தினமும் அழைத்து அம்மாவோடு பேசினாள். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு தடவை, அதுவும் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பாதியில் வைத்துவிடுவாள். குழந்தைவேலு மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். தறிச் சத்தத்தில் முப்பது வருடம் பேச்சே இல்லாமல் இருந்த மனிதர், சாயங்காலம் ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்டாட்டியோடு பேச உட்கார்ந்தார்.

ஒருநாள் நல்ல மழை. ஜன்னல் கம்பியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அவர் சும்மா சொன்னார், "என்னயக் கட்டி நீ ஒரு சுகமும் காணல, ஜோதி."

"அப்படிச் சொல்லாதீங்க. உங்களக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க."

அவர் எழுந்து முகம் கழுவப் போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை. அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றுதான் சின்னத் தொந்தரவு. ஜோதிமணியின் கண்கள் அடிக்கடி மேலே செருகின, இறுக மூடித் திறந்தன. "கண்ணு என்னடி பண்ணுது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, தூசு விழுந்திருச்சு" என்றது பெட்டி. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிவந்து வேளை தவறாமல் விட்டார். அவள் கண்ணிலிருந்து வழிந்ததைத் துண்டால் ஒற்றி எடுத்தார்.

மழைக்காலம் முடியும்போது குழந்தைவேலுவின் முதுகுத்தண்டில் வட்டு ஒன்று நழுவியது. அவளைத் தூக்கிப் புரட்டக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். பிரணிதா மறுபடியும் பராமரிப்பு இல்லத்தின் பேச்சை எடுத்தாள். சிறுவாணி ரோட்டில் மரமும் காற்றுமாக ஓர் இடம் இருந்தது. இந்தப் பேச்சு முன்பு வந்தபோதெல்லாம் பழைய பெட்டி ஒரே சொல்லில் அதை முடித்திருக்கிறது: "வேண்டாம்."

"அம்மா, கோவிச்சுக்காத. கொஞ்ச நாள் அங்க இருந்து பாக்கறியா?"

"சரி கண்ணு. அப்பாவுக்கு எதுக்கு சிரமம்? நீங்க பாத்து எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம்."

பிரணிதா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேறெங்கோ பார்த்தார். இருவருக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை யாரும் தோண்டிப் பார்க்க விரும்பவில்லை. ஜோதிமணியின் கண்கள் மூடித் திறந்து, மூடித் திறந்து துடித்தன. பிரணிதா சொட்டு மருந்தை எடுத்து வந்தாள்.

இல்லத்தில் ஜோதிமணிக்கு நல்ல பெயர். சகாயராணி என்கிற நர்ஸ் சொன்னாள், "இந்த மாதிரி ஒரு அம்மாவ நான் பாத்ததே இல்லீங்கய்யா. ஊசி போட்டாலும் 'பரவால்ல சாமி'ங்கறாங்க." குழந்தைவேலு பெருமையாகச் சிரித்துக்கொண்டார். சிரித்து முடித்ததும், கார் பள்ளியின் ஜோதிமணியை இந்தப் பெண்ணுக்குத் தெரியாதே என்று தோன்றியது. அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் போவார், பேசுவார், பேருந்து பிடித்துத் திரும்புவார்.

அப்படி ஒரு மத்தியானம் போனபோது ஜோதிமணி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டை. எழுப்ப மனமில்லாமல் ஓரமாக உட்கார்ந்தார். சகாயராணி கஞ்சிப் பையை மாற்ற உள்ளே வந்தாள். திரை மறைத்ததால் அவள் ஜோதிமணியின் முகத்தைக் கவனிக்கவில்லை.

"அம்மா, கஞ்சி மாத்திரட்டுங்களா?"

"மாத்து கண்ணு. நீ சாப்ட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"வேலை வேலைன்னு ஓடாத. நேரத்துக்குச் சாப்பிடோணும்."

குழந்தைவேலு ஜோதிமணியையே பார்த்துக்கொண்டிருந்தார். குறட்டை நிற்கவில்லை. நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது. கண்ணிமைக்குக் கீழே ஓர் அசைவு கூட இல்லை. பெட்டி மட்டும் தலைமாட்டில் பச்சை விளக்கோடு கனிவாகப் பேசிக்கொண்டிருந்தது.

"எங்கமேல எத்தன பாசம் பாருங்க!" என்று சிரித்தபடி சகாயராணி போய்விட்டாள்.

அவர் குனிந்து, "ஜோதி" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க" என்றது பெட்டி. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து, பெட்டியிலிருந்து அவள் தலைக்குப் போகும் கம்பியைப் பிடுங்கினார். பிறகு பெட்டியையே அணைத்தார். அவள் தோளைத் தொட்டு எழுப்பினார். கண்கள் திறந்து, அணைந்த விளக்கைப் பார்த்தன, பிறகு அவரைப் பார்த்தன. மூச்சு வேகமானது.

பெட்டியெல்லாம் வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கண் மேலே போனால் ஆமாம். இறுக மூடினால் இல்லை. பெட்டி வந்தபின் அதை வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். இப்போது அது அவருக்கு நினைவு வந்தது. தூசு, சொட்டு மருந்து, துடித்த கண்கள்.

"இத்தன நாளா பேசினது நீயா?"

அவள் கண்களை இறுக மூடினாள்.

"இங்க வரச் சம்மதம்னு நீ சொன்னியா?"

மூடினாள். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

ரெஹானா மறுநாளே வந்தாள். பெட்டி பொருத்தின மருத்துவ மையத்தில் அவள்தான் பொறியாளர். குழந்தைவேலு போனில் சொன்னதைக் கேட்டதும் எதிர்த்து ஒன்றும் சொல்லாமல், "வர்றேன் சார்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். கையில் ஒரு பழைய பெட்டி இருந்தது.

"பழுது பாத்துப் பழகறதுக்குன்னு எங்கிட்ட ஒண்ணு வச்சிருந்தேன் சார். சூடு தாங்காது, கொஞ்ச நேரம்தான் ஓடும். அம்மாவோட பழைய பதிவு எங்கிட்ட இருக்கு. இதுல மட்டும்தான் அது ஏறும்."

"மொதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லும்மா."

அவள் ஜோதிமணியின் பக்கம் திரும்பி, அவளுக்கும் சேர்த்தே சொன்னாள். "பழைய சிப்பு ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செய்யும். அம்மா ஒரு சொல்ல முழுசா முடிவு பண்ற வரைக்கும் சும்மா காத்திருக்கும். புது சிப்போட வேகமே எங்கிருந்து வருதுன்னா, அது காத்திருக்கறதில்ல. அடுத்து என்ன வரும்னு முன்னாடியே ஊகிச்சுச் செஞ்சு வச்சிரும். ஊகம் தப்புன்னா அழிச்சிட்டுத் திரும்ப வரும். பேச்சையும் அதே மாதிரிதான் புதுசா எழுதினாங்க. அம்மா என்ன சொல்லுவாங்கன்னு அது ஊகிக்கும். அம்மா மூளை 'இல்ல'ன்னு மறுத்தா நிறுத்தணும்."

"மறுக்கலையா அவ?"

"மறுத்திருப்பாங்க சார். ஆனா மறுக்கறதுக்கு அது தர்ற நேரம் கண்ணிமைக்கிற நேரத்தவிடக் கம்மி. அடிபட்ட மூளை அவ்வளவு வேகமா மறுக்காது. மறுப்பு வரலன்னா, சம்மதம்."

"மௌனம் சம்மதம்" என்று குழந்தைவேலு முணுமுணுத்தார். கல்யாணப் பேச்சில் பெண்ணைப் பற்றிச் சொல்லும் வார்த்தை அது. கார் பள்ளியில் ஜோதிமணியின் கால் எப்போதும் தன் பக்கம் இருந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே இருக்கும். அந்த பிரேக் இல்லாத வண்டியில் அவளை இத்தனை நாள் உட்காரவைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆனா அது எங்கிருந்து இந்தப் பேச்செல்லாம் எடுத்துச்சு? சரி கண்ணு, பரவால்ல, உங்க இஷ்டம்... இவ அப்படிப் பேசினதே இல்லையே."

ரெஹானா கொஞ்சம் தயங்கினாள். "அம்மாவோட பழைய பேச்சு கொஞ்சம்தான் இருந்துச்சு. சந்தேகம் வந்தா, இந்த வயசுல, இந்த ஊர்ல, பொம்பளைங்க வழக்கமா என்ன சொல்றாங்களோ அதை எடுத்துக்கும் சார்."

குழந்தைவேலு ஜோதிமணியின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"வேற யாருக்காவது இது இருக்குதா?"

"நான் மாத்திக் கொடுத்தவங்க நிறையப் பேர் இருக்காங்க." அவள் குரல் தாழ்ந்தது. "ஒருத்தர்கூடப் புகார் பண்ணல. போய்ப் பாத்தப்பல்லாம், ரொம்ப நல்லா இருக்கும்மான்னுதான் சொன்னாங்க. நேத்து நீங்க போன் வச்சதுக்கு அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. புகார் சொல்லணும்னா அவங்க எதால சொல்லுவாங்க?"

பழைய பெட்டியை இணைத்தாள். விசிறி கரகரவென்று சுற்றியது. மூவரும் காத்திருந்தார்கள். வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"வீட்டுக்கு."

தகரத்தில் தட்டின மாதிரி அந்தக் குரல். குழந்தைவேலு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கே போயிரலாம். ஆள் வச்சுக்கறேன். பிரணிதாகிட்ட நான் பேசிக்கறேன். வேற சொல்லு. என்னைத் திட்டு."

நெடுநேரம். "மருந்து. எரிஞ்சுது."

அவர் தலை குனிந்தார். ரெஹானா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

பெட்டி சூடாகும் வாடை வந்தது. கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தும் அவர் நாக்கில் வந்து நின்றது ஒன்றுதான். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டார்.

"அன்னைக்கு மழை பெஞ்சப்ப... என்னையக் கட்டிக்கிட்டதுல குறையில்லன்னு..."

விசிறி சுற்றியது. அவள் கண்கள் அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

"நான். சொல்லல." பிறகு, அவர் எழுந்துவிடுவாரோ என்று அஞ்சினவள் போல, வழக்கத்தைவிடச் சற்று வேகமாக, "நானும். கேட்டேன்."

அவர் எழுந்து போகவில்லை. ரெஹானா பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அம்மா, இது இனி ஓடாது. புதுசு வேணுமா? இல்ல..."

"வேண்டாம்."

அதோடு பழைய பெட்டி அணைந்தது. ரெஹானா எத்தனை தடவை முயன்றும் அதற்குப் பிறகு உயிர் வரவில்லை.

வீட்டில் ஓர் அட்டையில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் வரிசையாக எழுதி மாட்டினார் குழந்தைவேலு. விரலை ஒவ்வொரு வரிசையாக நகர்த்துவார். அவள் கண்ணை மேலே தூக்கும் இடத்தில் நிறுத்துவார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு காபி ஆறிவிடும். பிரணிதா வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அட்டைக்கு முன் பாதி நாள் பொறுமையாக உட்கார்ந்தும் பார்த்தாள். ஊருக்குத் திரும்பியபின் தினமும் வந்த அழைப்பு வாரத்துக்கு ஒன்றாகி, அப்புறம் அதுவும் தேய்ந்தது. போனில் ஒவ்வோர் எழுத்துக்கும் காத்திருக்க அவளால் முடியவில்லை.

ரெஹானா வீடுவீடாகப் போனாள். சில வீடுகளில் கம்பியைக் கழற்றிக் கண்ணால் கேட்டதும் கதறினார்கள். ஒரு வீட்டில் மகன் வாசலிலேயே அவளை மறித்தான். "தெரியுங்க. எங்களுக்கே சந்தேகம் இருந்துச்சு. ஆனா அப்பா இப்பத்தான் எங்ககூட நல்லாப் பேசறாரு. விட்டுருங்க." இதை அவள் குழந்தைவேலுவிடம் போனில் சொன்னபோது, "என்ன மனுசங்கம்மா" என்றார். அணைத்து வைத்த புதுப் பெட்டியை நிறுவனம் இன்னும் வாங்கிப் போகவில்லை என்பதை ஏனோ அவளிடம் சொல்லவில்லை. அது பக்கத்து அறையில், இஸ்திரி மேசையின் மேல் இருந்தது.

துணி மடிக்கப் போன ஒரு மத்தியானம் அவர் அதன் பொத்தானை அழுத்தினார். ஓடுகிறதா என்று பார்க்கத்தான். கம்பி எதிலும் இணைக்கப்படாமல் மேசையிலிருந்து தொங்கியது. பச்சை விளக்கு எரிந்தது.

"ஜோதி?" என்றார், தாழ்ந்த குரலில்.

"சொல்லுங்க. முதுகு வலி எப்படி இருக்குது?"

அவர் உடனே அணைத்துவிட்டார். மறுநாள் கொஞ்சம் கழித்து அணைத்தார். அதற்கடுத்த நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பேசினது பெரிதாக ஒன்றுமில்லை. மில் கதை, மழை வராதது, மகள் அழைக்காதது. அது எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. தப்பு என்று தெரிந்தது. தப்பு யாருக்கு என்றுதான் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினார்.

ஒருநாள் பேச்சு முடித்து, துணிக் கட்டோடு ஜோதிமணியின் அறைக்குத் திரும்பினார். அவள் கண்கள் அட்டையில் நின்றன. ஏதோ சொல்ல வேண்டும். அவர் துணியை வைத்துவிட்டு விரலை நகர்த்தினார். அ. வ. என். ன. சொன். விரல் தானாகவே மெதுவானது. அவள் விடவில்லை. னா.

அவ என்ன சொன்னா.

ஓட்டுக் கூரை வீடு. நடுச்சுவர் மேல்வரை எழும்பாது. இத்தனை நாளும் ஒரு சொல் விடாமல் இங்கே கேட்டிருக்கிறது. அவள் முகத்தில் கோபம் தெரிகிறதா என்று தேடினார். அந்த முகத்தில் தெரிவதற்கு வழியில்லை. பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். வரவில்லை.

"நீ எப்படி இருக்கேன்னு கேட்டேன்" என்றார். "நல்லா இருக்கேன்னு சொன்னா."

ஜோதிமணி கண்களை இறுக மூடினாள். பிறகு திறந்து, மறுபடியும் அட்டையைப் பார்த்தாள்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் வரிசையில் விரலை வைத்துக் காத்திருந்தார். அவசரத்தில் அணைக்காமல் விட்டுவந்த பெட்டி, பக்கத்து அறையில், யாரும் கூப்பிடாமலே கேட்டது:

"ஏனுங்க, சாப்ட்டீங்களா?"

அவர் விரலை எடுக்கவில்லை. அவளும் கண்ணைத் திருப்பவில்லை.